கூலிங் கிளாஸ் பாயைக் காணோம்

அத்தியாயம் 4

“அக்கா, ரத்தம்!”

ஜோவினின் குரல் காலி மண்டபத்தில் இரண்டு முறை எதிரொலித்துவிட்டு அடங்கியது. எப்சி கைப்பையை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நிதானமாகக் குனிந்தாள்.

கரும்பலகைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கைக்குட்டை கிடந்தது. ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கறை. எதிர் மூலையில் கறை இல்லை. ஆனால் யாரோ உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தது போலக் கசங்கிச் சுருண்டிருந்தது.

ஜோவின் தன் டிபன் பாக்ஸைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை உருவி, கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு கைக்குட்டையை எடுத்தான்.

“அந்த கவர்ல என்னடா இருந்துச்சு?”

“லெமன் சாதம்க்கா.”

“பேஷ். ரத்தமா இருந்தா இப்ப அதுல உப்பு, மஞ்சள், கடுகு எல்லாம் சேர்ந்திருக்கும். பத்திரமா வை.”

எப்சி பதினைந்து வருஷம் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்ஷனில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துக் கொடுத்தவள். அதைவிடக் கஷ்டமான புதிர் உலகத்தில் இல்லை என்ற தைரியத்தில்தான் வேலையை விட்டுவிட்டு, வேலூர் தோட்டப்பாளையத்தில் மாடி அறை ஒன்றைப் பிடித்து ‘எப்சி விசாரணையகம்’ என்று போர்டு மாட்டினாள். முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளைக்கு நிஜமாகவே மஸ்கட்டில் வேலையா, பெண்ணுக்கு நிஜமாகவே பி.எட். முடிந்ததா என்கிற மாதிரி. ஜோவின் முன்பு மருந்துக் கம்பெனி பிரதிநிதி. எந்த வாசலிலும் நுழைந்து விடுவான், எந்த வாசலிலும் வாயை மூடமாட்டான்.

இன்றைய வழக்கு ரோஸ் டீச்சர் போன் செய்து வந்தது. சர்ச்சை ஒட்டிய இந்த மண்டபத்தின் சாவி அவரிடம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார்.

“சரியா சொல்லுங்க டீச்சர். எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?”

“ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்தேன் எப்சி. பெயின்ட் வாசனை போகட்டும்னு ஆறு ஜன்னலையும் திறந்து விட்டேன். கிழக்கால வெயில் அப்படியே படத்து மேல அடிச்சுது, நானே நின்னு ரசிச்சேன். அப்புறம் வீட்ல பால் பொங்கிடுமேன்னு ஓடினேன். பக்கத்து வீடுதானே? எட்டு மணிக்கு வர்றேன், படம் இல்ல. பானை மேல நான் கவுத்து வச்ச டம்ளர் நிமிர்ந்து நிக்குது.”

“திருடன் தண்ணி குடிச்சிருக்கான்” என்றான் ஜோவின். “நாகரிகமான திருடன்.”

எப்சி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். வாசலில் மஞ்சள் துணியில் ‘சுவர் காலி இல்லை’ என்று கண்காட்சியின் பெயர். மாலை ஐந்து மணிக்குத் திறப்பு. உள்ளே நுழைந்தால் வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஷாம்பூ பாக்கெட்டுகளை மல்லிகைச் சரமாகத் தொடுத்துத் தலையில் வைத்திருந்தாள் ஒரு மணப்பெண். எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் போர்டுக்குள் ஒரு காக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு துபாய்க்குப் பேசியது. கேபிள் டி.வி. குடையை ஒளிவட்டமாக வைத்துக்கொண்டு தெய்வம் போல உட்கார்ந்திருந்தார் ஒரு சினிமா ரசிகர். பல்பொடி விளம்பரத்துக்குப் பிடித்து வைத்த சுவரில் சாய்ந்து தூங்கிய கிழவருக்குப் பல்லே இல்லை. எல்லாமே கான்வாஸில் அல்ல, தோலில் வரையப்பட்டவை. தோலுக்குப் பேர்போன ஆம்பூரின் பெண் வேறு எதில் வரைவாள்?

சிரிப்பு வந்தது எப்சிக்கு. வரைந்த பெண்ணைப் பார்த்ததும் அது நின்றது.

அலீனாவுக்கு இருபத்தேழு வயது. நீலச் சுடிதார், நகக்கண்ணில் ஆரஞ்சுப் பெயின்ட். மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காணாமப் போன படம் எப்படிம்மா இருக்கும்?”

“முழுத் தோல் மேடம். நாலு காலும் விரிச்ச மாதிரி. அதுல சினிமா கட்-அவுட் ஸ்டைல்ல ஒருத்தர். கூலிங் கிளாஸ், சிவப்பு சட்டை, தொப்பி. தலையைச் சுத்தி சீரியல் பல்பு.”

“எல்லாருக்கும் அது ‘கூலிங் கிளாஸ் பாய்’தான்” என்றார் ரோஸ் டீச்சர். “அழைப்பிதழ்லயும் அதுதான். மெட்ராஸ்லருந்து கேலரிக்காரம்மா வர்றதே அதைப் பார்க்கத்தான்.”

“யாரைப் பார்த்து வரைஞ்சே?”

அலீனா துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். “யாரும் இல்ல. கற்பனை.”

எப்சி தலையை ஆட்டிவிட்டுக் கரும்பலகைக்குப் போனாள். படம் அதன் மேல்தான் தொங்கியிருக்கிறது. சட்டத்தில் அடித்திருந்த நான்கு ஆணிகளும் பிடுங்கப்பட்டு, ஜன்னல் விளிம்பில் ஒரே வரிசையாக, கொண்டை எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்திலிருந்த மற்ற படங்கள் அசையக்கூட இல்லை.

கரும்பலகையில் சாக்பீஸால் ஏதோ எழுதியிருந்தது. பாதி அழிந்திருந்தது. 18. அதன் தலை மேல் குட்டியாக ஒரு 3.

“எட்டு மணிக்கு நான் பார்க்கறப்ப பளிச்சுனு இருந்துச்சே!” என்றார் ரோஸ் டீச்சர். “அலீனா வந்ததும், ஒருத்தரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போன் பண்ணவே போனேன்.”

ஜோவின் கண்ணை இடுக்கினான். “நூத்தி எம்பத்தி மூணு. கீர்த்தனை நம்பரா இருக்குமா டீச்சர்?”

“ஞாயித்துக்கிழமை பாட்டு நம்பர் அந்தப் பக்கம் மர போர்டுல போடுவோம் தம்பி.”

“அப்ப பஸ் ரூட். இல்லன்னா ஜெயில் நம்பர். தான் எந்த ரூம்னு முன்கூட்டியே எழுதி வச்சிட்டுப் போய்ட்டான்.”

“மூணு ஏன்டா மேல ஏறி உக்காந்திருக்கு?”

“கணக்குல வருமே, பதினெட்டின் மூன்றாம் அடுக்கு. அய்யோ, திருடன் டியூஷன் மாஸ்டர்!”

எப்சி சிரிக்கவில்லை. “அலீனா, கொஞ்சம் வெளிய வர்றியா? எனக்கு டீ வேணும். ஜோவின், நீ வராதே.”

“எனக்கும் டீ வேணும்க்கா.”

“உனக்கு லெமன் சாதம் இருக்கு.”

டீக்கடை பெஞ்சில் இரண்டு கிளாஸ்களும் வந்த பிறகுதான் எப்சி பேசினாள்.

“உன் துப்பட்டா நுனியில வெள்ளையா இருக்கு பார். சாக்பீஸ் தூள். டீச்சர் போன் பண்ணப் போன நேரத்துல நீதான் அதை அழிக்கப் பார்த்திருக்கே. பாதியிலயே அவங்க திரும்பி வந்துட்டாங்க. அது என்ன நம்பர்னு உனக்குத் தெரியும். யார் எழுதினதுன்னும் தெரியும்.”

அலீனா துப்பட்டா நுனியை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

“நான் இன்னும் ஒண்ணு சொல்றேன். திருடறவன் ஆணியை வரிசையா அடுக்க மாட்டான். சொந்தப் பொருளை எடுக்கறவங்கதான் அவ்வளவு பதமா எடுப்பாங்க. அந்தக் கற்பனை மனுஷன் யாரும்மா?”

“எங்க அப்பா.” அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். “ரஷீத் அஹமது. ஆம்பூர் பைபாஸ்ல தோல் ஃபினிஷிங் யூனிட் வச்சிருக்கார்.”

அப்புறம் எல்லாம் வந்தது. தோல் வியாபாரத்தில் எல்லாமே சதுர அடிதான். கால் அடி, அரை அடி, முக்கால் அடியை எண்ணின் தலை மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று குட்டியாகப் போடுவார்கள். 18-ன் மேல் 3 என்றால் பதினெட்டே முக்கால் சதுர அடி. அது அந்தப் படத்தின் அளவு.

“சுவர்ல தொங்கறதை மெஷின் இல்லாம கையால சாணளந்து, கால் அடி பிசகாம சொல்ற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான் மேடம். முப்பது வருஷம் அவர் அளவு தப்பினது இல்ல.”

“அவருக்கும் உனக்கும் என்ன?”

“நான் ஆபீஸ்ல உக்காரணும், இல்லன்னா பேரணாம்பட்டு மாப்பிள்ளையைக் கட்டிக்கணும். படம் வரையறேன்னேன். ஒரு வருஷம் டைம் குடுத்தார். ‘ஒரு வருஷத்துல வெளியாள் ஒருத்தராவது உன் வேலையை மதிச்சுக் கூப்பிடட்டும். இல்லன்னா நான் சொல்றதைக் கேளு’ன்னார். அந்த ஒரு வருஷம் இன்னிக்கு முடியுது. கேலரிக்காரம்மா இந்தப் படத்தோட போட்டோவைப் பார்த்துத்தான் வர்றாங்க. நேர்ல பார்த்துட்டு ஜனவரி கண்காட்சிக்கு எடுத்துக்கறதா சொல்லியிருக்காங்க.”

“அப்பாவுக்கு இது தெரியுமா?”

“நாலு மாசமா பேச்சே இல்ல. அழைப்பிதழைத் தபால்ல அனுப்பினேன். தன்னை இப்படிக் கோமாளியா தெருவுல நிறுத்திட்டான்னு நினைச்சிருப்பார். கிழிச்சுப் போடத்தான் எடுத்துட்டுப் போயிருப்பார். என் அப்பாவைத் திருடன்னு நாலு பேர் சொல்லக் கூடாதுன்னுதான் அழிச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவரை நான் கோமாளியா வரையலை மேடம். ஹீரோவாத்தான் வரைஞ்சேன்.”

எப்சி டீக்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். “கிழிக்கறவர் எதுக்கும்மா அளவு எழுதி வச்சிட்டுப் போகணும்? வா.”

எதிரிலிருந்த பூத்திலிருந்து ஆம்பூருக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காக ஆபீஸைப் பூட்டிட்டுப் போயிருப்பாங்க” என்றாள் அலீனா.

பன்னிரண்டு மணிக்கு எப்சியின் கணவரின் பழைய பியட் வேலூரை விட்டுக் கிளம்பியது. அந்த வண்டிக்கு மூன்றாவது கியர் மட்டும் பிடிக்கும். ஜோவின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதைக் கெஞ்சியபடியே ஓட்டினான். ரோடு ஓரச் சுவர்கள் எல்லாம் சிமென்ட், ஜட்டி, ஊறுகாய், தேர்தல் என்று ஓடின. ‘இந்தச் சுவர் 2001 வரை எங்களுடையது’ என்று ஒரு கட்சி, அதற்குக் கீழேயே ‘2000 முதல் எங்களுடையது’ என்று ஒரு பனியன் கம்பெனி.

“பார்த்தீங்களா, அந்த ஒரு வருஷம் ரெண்டு பேரும் பனியனோட பிரச்சாரம் பண்ணுவாங்க” என்றான் ஜோவின். அலீனா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

பள்ளிகொண்டா தாண்டியதும் எப்சி ஸ்டியரிங் பக்கம் திரும்பினாள். “ஜோவின், உன் ரத்தத்தைக் குடு.”

“டேஷ்போர்டுல இருக்குக்கா. ஆனா இதை அந்தப் பொண்ணு பார்த்து பயந்துடப் போவுது.”

எப்சி கவரிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகர்ந்தாள். எலுமிச்சையைத் தாண்டி அத்தர் வாசனை வந்தது. “ரத்தம்னா காய்ஞ்சதும் பழுப்பா ஆகும். இது இன்னும் பட்டாசுக் கட்டு மாதிரி சிவப்பா இருக்கு. அதுவும் சிந்தின கறை இல்ல. துணியை நனைச்சு ரெண்டு விரல்ல சுத்தி, எதையோ தேய்ச்ச கறை. டம்ளர் நிமிர்ந்து இருந்தது குடிக்கறதுக்கு இல்ல, நனைக்கறதுக்கு. ஈரத்துணியால உங்க ஊர்ல எதைம்மா தேய்ப்பாங்க?”

அலீனா கைக்குட்டையை வாங்கினாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ரப் டெஸ்ட்!”

“தமிழ்ல சொல்லும்மா” என்றான் ஜோவின்.

“தோலுக்குக் கலர் நின்னிருக்கான்னு பார்க்கறதுக்கு ஈரமான வெள்ளைத் துணியால தேய்ப்பாங்க. துணியில கலர் வந்தா சரக்கு ஃபெயில். அப்பாவுக்கு அது பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனா சோபாவைக்கூடத் தேய்ச்சுப் பார்ப்பார்.” அவள் சிரிப்பும் அழுகையும் கலந்து பேசினாள். “சிவப்பு சட்டைக்கு நான் போஸ்டர் கலர் போட்டேன் மேடம். அது ஒட்டும். அவர் படத்தைக் கிழிக்க எடுக்கல. சாயம் போகாம இருக்க லேக்கர் அடிக்க எடுத்துட்டுப் போயிருக்கார்! சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்து மாட்டிடலாம்னு நினைச்சிருப்பார்.”

“அப்ப கேஸ் முடிஞ்சுது” என்று ஜோவின் வேகத்தைக் குறைத்தான். “ஆம்பூர்ல பிரியாணி சாப்ட்டுட்டு…”

“இல்ல!” அலீனா முன் சீட்டைப் பிடித்து எழுந்தே விட்டாள். “அண்ணா, வேகமா போங்க! அங்க லேக்கர் அடிச்ச தோல் அடுத்தது எங்க போகும் தெரியுமா? பிளேட்டுக்கு! இஸ்திரிப் பெட்டியை யானை அளவுக்குச் செஞ்ச மாதிரி ஒரு மெஷின். எம்பது டிகிரி சூடு. ஒரே அமுக்கு. தோலே கால் அடி, அரை அடி விரிஞ்சுடும். கூலிங் கிளாஸ் பளபளப்பு, பல்பு எல்லாம் நான் மெழுகு க்ரேயான்ல போட்டது.”

மூவரும் ஒரே சமயத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு ஐம்பது. பியட்டுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நான்காவது கியரும் பிடித்தது.

யூனிட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. ஆபீஸ் பூட்டியிருந்தது. உள்ளே ஷெட்டில் லேக்கர் நெடி. கொக்கிகளில் கறுப்பும் பழுப்புமாகத் தோல்கள். தூர மூலையில் அந்த மெஷின் கொட்டாவி விட்ட மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன் படுக்கையில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கவலையே இல்லாமல் மல்லாந்து படுத்திருந்தார் பாய்.

“நிறுத்துங்க!” என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

தனகோட்டி மேஸ்திரி திரும்பினார். ஐம்பது வயது, முழங்கை வரை ரப்பர் கையுறை. “பாப்பா! நீங்க எங்க இங்க? தரை வழுக்கும், அங்கயே நில்லுங்க.”

“மேஸ்திரி அண்ணா, அதை பிளேட்ல போடாதீங்க. மெழுகு. உருகிடும்!”

“உருகினா ஷைனிங் ஜாஸ்தி ஆவும் பாப்பா.”

“அப்பா பிளேட் போடச் சொன்னாரா?”

“லேக்கர் ரெண்டு கோட்டு அடின்னு சொல்லிட்டுத் தொழப் போய்ட்டார். லேக்கருக்கு அப்புறம் பிளேட். இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தான். இதை வேற அவர் தனியா சொல்லணுமா?”

“நான் சொல்றேன், வேணாம்!”

மேஸ்திரி தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். கையுறையில் லேக்கர் இருந்ததால் முடி ஒட்டிக்கொண்டது. “பாப்பா, நீங்களும் பாயும் பேசிக்கறது இல்லன்னு ஊருக்கே தெரியும். உங்க பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்தினா எனக்குத்தான் பேஜார். அப்பா பொண்ணு நடுவுல நான் நசுங்கணுமா? அதுக்கு இந்தத் தோல் நசுங்கட்டும்.” அவர் கை லீவரை நோக்கிப் போனது.

“மேஸ்திரி” என்றாள் எப்சி, பஸ் நேரம் விசாரிக்கிற குரலில். “இந்தத் தோல் எத்தனை அடி?”

“பதினெட்டே முக்கால். பாய் கையால சீட்டு எழுதிக் குடுத்தாரு.”

“மெஷின்ல அளந்தீங்களா?”

“பாய் கை போட்டதுக்கு அப்புறம் மெஷின் இன்னாத்துக்கு?”

“பார்த்தா எனக்குப் பதினெட்டரை மாதிரிதான் தெரியுது.”

லீவர் மேலிருந்த கை நின்றது. ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்த இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “யாரும்மா நீங்க? எங்க பாய் கையளவையா தப்புன்றீங்க?”

“தப்புன்னு சொல்லல. பிளேட்ல போட்டா தோல் விரியும்னாங்க. அப்புறம் அளந்தா நிஜ அளவு யாருக்குமே தெரியாது. நான் ஊரெல்லாம் போய்ப் பதினெட்டரைன்னு சொல்லிட்டு இருப்பேன். இப்பவே அளந்துட்டா நான் வாயை மூடிக்கறேன், உங்க பாய் பேரு நிக்கும்.”

மேஸ்திரி லீவரை விட்டார். அவமானம் அவருடையது அல்ல, யூனிட்டுடையது. விறுவிறுவென்று படத்தை இரு கையாலும் தூக்கிக்கொண்டு போய், எதிர்ப்பக்கம் இருந்த அளவு மெஷினில் விட்டார். உருளைகள் சுழன்றன. கூலிங் கிளாஸ் பாய் கால் முதல் தலை வரை மெல்ல உள்ளே போய் மறுபக்கம் வந்தார். கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஏறி நின்றது.

பதினெட்டரை.

“இருக்காது” என்றார் மேஸ்திரி. இன்னொரு தடவை விட்டார். பதினெட்டரை. முகப்பைத் தட்டிவிட்டு மூன்றாவது தடவை விட்டார். முள்ளுக்கு வெட்கமே இல்லை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “சீட்டுல ஒண்ணு, மெஷின்ல ஒண்ணு. பாய் வந்து பார்க்காம இதை இனிமே நகர்த்த முடியாது.” படத்தை மேஜை மேல் விரித்து வைத்து, போய் பிளேட் மெஷினை அணைத்தார்.

ஜோவின் எப்சியின் காதருகே வந்தான். “எப்படிக்கா கரெக்டா சொன்னீங்க?”

“சும்மா அடிச்சு விட்டேன்டா. அங்கருந்து இங்க வந்தா போதும்னு நினைச்சேன். இப்ப எனக்கே தூக்கிவாரிப் போடுது.”

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை. மேஜை மேலிருந்த முகமே கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு நடந்து வந்தது. ரஷீத் அஹமது மகளைப் பார்த்தார். பார்த்ததும் பார்வையை மேஸ்திரியிடம் திருப்பிக்கொண்டார்.

“கோட்டி, யாரு இவங்கல்லாம்?”

“அது… பிளேட் போடலாம்னு எடுத்தேன் பாய்…”

“பிளேட்டா? படத்தையா? மூளை இருக்கா உனக்கு?”

“வேணாம்னு நீங்க சொல்லலியே பாய்.”

ரஷீத் அணைத்திருந்த பிளேட் மெஷினைப் பார்த்தார். “சொல்லலதான்” என்றார் மெதுவாக.

“என்கிட்டயும்தான் சொல்லல” என்றாள் அலீனா. நாலு மாசத்தில் முதல் வார்த்தை.

“எழுதிட்டுத்தானே வந்தேன்?” அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “அடுத்தவங்க சரக்கை எடுத்தா அளவு எழுதி வச்சிட்டு வரணும். வச்சேன். தோல்காரன் பொண்ணுக்கு அது புரியாதா?”

“புரிஞ்சுது. கிழிக்கத்தான் எடுத்தீங்கன்னு புரிஞ்சுது.”

அந்தப் பெரிய மனிதரின் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. “கிழிக்கவா? பேட்டா, கலர் கையில ஒட்டுது. கீழ் மூலையில ரெண்டே தடவை தேய்ச்சேன், வந்துடுச்சு. மெட்ராஸ்காரங்க முன்னாடி நம்ம சரக்கு சாயம் போவலாமா?”

நம்ம சரக்கு. அலீனா அந்த வார்த்தையை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டது எப்சிக்குத் தெரிந்தது.

“இந்தத் தோல் எதுன்னு தெரியுதா அப்பா? போன வருஷம் நீங்க ரிஜெக்ட்னு தூக்கிப் போட்டது. உண்ணி கடிச்ச ஓட்டை எல்லாத்தையும் பல்பா வரைஞ்சுட்டேன்.”

“தெரியுமே. எண்ணினேன். இருபத்தியாறு ஓட்டை. ஒண்ணுகூட இப்ப தெரியல.” படத்தின் மேல் குனிந்தார். “ஆனா மூக்கு என்னோடது இல்ல. இது என் தம்பி மூக்கு.”

“உங்க மூக்குதான்” என்று ஜோவினும் மேஸ்திரியும் ஒன்றாகச் சொன்னார்கள்.

மேஸ்திரி தயங்கித் தயங்கிச் சீட்டை நீட்டினார். “பாய், கோவிச்சுக்காதீங்க. மெஷின் பதினெட்டரை காட்டுது.”

“மெஷின் ரிப்பேர்.”

“நேத்துதான் கம்பெனிக்காரன் வந்து செக் பண்ணிட்டுப் போனான்.”

“லேக்கர்ல சுருங்கியிருக்கும்.”

“லேக்கர்ல எங்க பாய் சுருங்கும்?”

“சரி விடு. காலைல அந்த மண்டபத்துல வெளிச்சம் கம்மி.” அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார். “நேரமாச்சு, கிளம்பலாம். லேக்கர் இன்னும் முழுசா காயல, சுருட்டக் கூடாது. நான் மடியில விரிச்சுப் பிடிச்சுக்கறேன். நீ அந்தப் பக்கம் பிடி.”

பியட்டின் பின் சீட்டில் அப்பாவும் மகளும் இரண்டு ஜன்னல் ஓரமாகவும், நடுவில் இரண்டு மடியின் மேலும் கூலிங் கிளாஸ் பாயுமாக வேலூர் வந்து சேர்ந்தார்கள். வழியில் பேசியது கொஞ்சம்தான். “தூக்கிப் பிடி.” “பிடிச்சிருக்கேன் அப்பா.” ஐம்பது கிலோமீட்டருக்கு அது தாராளம்.

ஐந்து மணிக்குப் படம் தன் இடத்தில் தொங்கியது. ஆணி அடித்தது ரஷீத் அஹமது. வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், கீழே நின்றவரைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். ரோஸ் டீச்சரின் வகுப்புப் பிள்ளை ஒன்று அவரிடம் ஆட்டோகிராப் கேட்டது. கேலரிக்காரம்மா பத்து நிமிஷம் அசையாமல் நின்றுவிட்டு, ஜனவரியில் இதை நடுச்சுவரில் வைக்கப் போவதாகச் சொன்னார். ரஷீத் உடனே தன் கைக்குட்டையைத் தேடி ஜிப்பாப் பையில் கையை விட்டார், காணாமல் விழித்தார். கடைசியில் விரலாலேயே படத்தின் மூலையைத் தேய்த்துக் கேலரிக்காரம்மாவிடம் காட்டினார். “பாருங்க மேடம். ஒட்டல.”

கரும்பலகையில் படத்தின் பின்னங்காலுக்குக் கீழே பாதி அழிந்த 18-ம் 3-ம் இன்னும் தெரிந்தன. அவர் சாக்பீஸை எடுத்து மூன்றை இரண்டாக்கப் போனார்.

அலீனா அந்தக் கையைப் பிடித்தாள். “அது அப்படியே இருக்கட்டும் அப்பா.”

“தப்பான அளவு பேட்டா.”

“இருக்கட்டும்.”

எப்சியும் ஜோவினும் படியில் வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே கைதட்டல்.

“அக்கா, ஒரு விஷயம் உதைக்குது” என்றான் ஜோவின். “வெளிச்சம் கம்மின்னார். ஏழு மணிக்கே ஆறு ஜன்னலையும் திறந்துட்டேன், வெயில் படத்து மேலயே அடிச்சுதுன்னு டீச்சர் சொன்னாங்களே? அப்புறம் முப்பது வருஷமா தப்பாத கண்ணு இன்னிக்கு மட்டும் எப்படிக் கால் அடி தப்புச்சு?”

எப்சி கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து அவன் முழங்கால் மேல் விரித்தாள். ஒரு மூலையில் சிவப்பு. எதிர் மூலையில் கறையே இல்லாத கசங்கல்.

“சாயம் பார்க்க ஒரு மூலை போதும் ஜோவின். இந்த இன்னொரு மூலை எதைத் துடைச்சுதாம்?”

ஜோவின் பார்த்தான். திரும்பி, உள்ளே மகளின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்த அந்த வெள்ளை ஜிப்பாவைப் பார்த்தான். கசங்கிய மூலையைத் தன் கண்ணோரம் வைத்துப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை மெதுவாக மடித்தான்.

“இதை அவர்கிட்ட திருப்பிக் குடுத்துடவாக்கா?”

“குடு” என்றாள் எப்சி. “துவைச்சுட்டுக் குடு. லெமன் சாத வாசனை வருது.”